டை போதும்னு இருந்தப்போ ஆஸ்போர்ன் ஏன் ரெண்டு பாயிண்ட்டுக்குப் போனாரு? 1984 ஆரஞ்சு பௌல் கதை

1984 ஜனவரி 2, திங்கக்கிழமை ராத்திரி, அமெரிக்கக் காலேஜ் ஃபுட்பால் மேட்ச் ஒண்ணு. மயாமில இருக்குற ஆரஞ்சு பௌல் ஸ்டேடியம், உள்ள எழுபதாயிரத்துக்கும் மேல கூட்டம். ஸ்கோர்போர்டுல மயாமி 31, நெப்ராஸ்கா 30, கடிகாரத்துல பாக்கி 48 செகண்ட். நெப்ராஸ்கா இப்பதான் டச்டவுன் (பந்த எதிராளி பக்கத்துக் கடைசிக் கட்டமான எண்ட் ஸோனுக்குள்ள கொண்டு போறது, 6 பாயிண்ட்) போட்டிருக்கு, அதுக்கப்புறம் வர்ற எக்ஸ்ட்ரா முயற்சி ஒண்ணு பாக்கி. கிக் அடிச்சா ஒரு பாயிண்ட், 31-31, டை. அதுக்குப் பதிலா 3 யார்டு லைன்ல இருந்து ஒரு ஆட்டம் ஆடி பந்த எண்ட் ஸோனுக்குள்ள கொண்டு போனா ரெண்டு பாயிண்ட், 32-31, ஜெயிப்பு. மாட்டிக்கிட்டா தோல்வி. நெப்ராஸ்கா கோச் டாம் ஆஸ்போர்ன் ரெண்டுக்குப் போனாரு. கிடைக்கல. அந்த ஒரு முடிவப் பத்தி அமெரிக்கால நாப்பது வருஷமா பேசிட்டு இருக்காங்க.

பொதுவா இத ஒரு மானஸ்தன் கதையாத்தான் சொல்லுவாங்க. டை பண்ணிருந்தாலே சாம்பியன் பட்டம் கிட்டத்தட்ட கையில, ஆனா அந்த மாதிரி பின்வாசல் வழியா வர்ற பட்டம் வேணாம்னு தூக்கிப் போட்டாருன்னு. அது பொய் இல்ல, ஆனா பாதிக்கதை. மீதிப் பாதி அந்தக் காலத்து விதிமுறைலயும், பட்டம் குடுக்குற முறைலயும் இருக்கு. அப்புறம் என் கணக்குப்படி ஆஸ்போர்ன் பண்ண தப்பு (தப்புன்னு ஒண்ணு இருந்தா) அந்த 48 செகண்ட்ல இல்ல, அதுக்கு ஆறேழு நிமிஷம் முன்னாடியே நடந்து முடிஞ்சிருச்சு, அத யாரும் கண்டுக்கவே இல்ல. அதுக்கு வர்றேன்.

மொதல்ல இந்த பௌல் கேம்னா என்னன்னு பாத்துருவோம், ஏன்னா இது புரியலன்னா மத்தது எதுவும் புரியாது. அமெரிக்கால காலேஜ் ஃபுட்பால் (நம்ம கால்பந்து இல்ல, ஹெல்மெட் போட்டு முட்டிக்கிற ஆட்டம்) சீசன் ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் வாக்குல ஆரம்பிச்சு நவம்பர் கடைசிலயோ டிசம்பர் ஆரம்பத்துலயோ முடிஞ்சிரும். அதுக்கப்புறம் வேற எந்த விளையாட்டா இருந்தாலும் செமி ஃபைனல், ஃபைனல்னு ஒண்ணு இருக்கும்ல, இதுல ரொம்ப காலத்துக்கு அப்டி எதுவுமே கிடையாது. அதுக்குப் பதிலா வெயில் அடிக்கிற ஊருங்கள்ல புத்தாண்டு சமயத்துல நல்ல நல்ல டீம்களக் கூப்ட்டு ஒரே ஒரு மேட்ச் நடத்துவாங்க. 1902ல கலிஃபோர்னியா பாசடீனால ரோஜாப்பூ ஊர்வலத்தோட சேத்து ஒரு மேட்ச் வெச்சாங்க, மிச்சிகன் 49-0ன்னு ஸ்டான்ஃபோர்ட அடிச்சு நொறுக்கிச்சு, அதுதான் எல்லாத்துக்கும் தாய். அதப் பாத்துட்டு 1930கள்ல, அதுவும் பொருளாதாரம் படுத்துக் கிடந்த நேரத்துல, குளிர் காலத்துல டூரிஸ்ட் வந்தா ஹோட்டல்காரன் பொழைப்பானேன்னு மயாமில ஆரஞ்சு பௌல், நியூ ஆர்லியன்ஸ்ல சுகர் பௌல், டல்லஸ்ல காட்டன் பௌல்னு வரிசையா ஆரம்பிச்சாங்க. அதாவது இது எல்லாமே அடிப்படைல ஊர்த் திருவிழா, டூரிசம் பிசினஸ். சாம்பியன் யாருன்னு கண்டுபிடிக்கிறதுக்காக யாரும் இத ஆரம்பிக்கல.

அப்போ சாம்பியன் யாருன்னு யார் சொல்றது? ஓட்டு. பத்திரிகை நிருபருங்க ஓட்டு போட்டு ஏபி நியூஸ் ஏஜென்சி ஒரு பட்டியல் வெளியிடும், கோச்சுங்க ஓட்டு போட்டு யூபிஐங்கற இன்னொரு நியூஸ் ஏஜென்சி இன்னொரு பட்டியல் வெளியிடும். ரெண்டுலயும் நம்பர் 1 யாரோ அவங்கதான் சாம்பியன், ரெண்டும் வேற வேற டீமச் சொன்னா ரெண்டு சாம்பியன், அவ்ளோதான், அதுக்கு மேல அப்பீல் கிடையாது. இதுல பெரிய கூத்து என்னன்னா பல வருஷம் இந்தக் கடைசி ஓட்டெடுப்ப பௌல் மேட்ச்சுக்கு முன்னாடியே முடிச்சிருவாங்க, பௌல் மேட்ச்ல தோத்தாலும் பட்டம் பட்டம்தான். ஏபி 1968ல இருந்துதான் நிரந்தரமா பௌலுக்கு அப்புறம் ஓட்டெடுப்புன்னு மாத்துச்சு, கோச்சுங்க பட்டியல் 1974லதான் மாறுச்சு.

இன்னொரு சிக்கல், ஒவ்வொரு பௌலும் ஒவ்வொரு கான்ஃபரன்ஸோட (சீசன்ல தங்களுக்குள்ள ஆடிக்கிற காலேஜ்களோட கூட்டம்) ஒப்பந்தம் போட்டு வெச்சிருந்துச்சு. பிக் எய்ட் சாம்பியன் (அது நெப்ராஸ்கா இல்ல ஓக்லஹோமா, பெரும்பாலும் இந்த ரெண்டுதான்) ஆரஞ்சு பௌலுக்குப் போகணும். சவுத்வெஸ்ட் கான்ஃபரன்ஸ் சாம்பியன் காட்டன் பௌலுக்கு. எஸ்இசிங்கற தென்கிழக்கு கான்ஃபரன்ஸ் சாம்பியன் சுகர் பௌலுக்கு. பிக் டென்னும் பசிஃபிக் கரைக்காரங்களும் ரோஸ் பௌல்ல மோதிக்குவாங்க. 1983 சீசன் முடிவுல நம்பர் 1 நெப்ராஸ்கா, நம்பர் 2 டெக்சஸ், ரெண்டும் தோக்காத டீம். ரெண்டையும் மோத விட்டா அதுதான் ஃபைனல், சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனா முடியாது! நெப்ராஸ்கா மயாமிக்குப் போயாகணும், டெக்சஸ் டல்லஸுக்குப் போயாகணும். அதனாலதான் நெப்ராஸ்காவுக்கு எதிரா நம்பர் 5ல இருந்த மயாமி யூனிவர்சிட்டியக் கூப்ட்டாங்க. மயாமி அப்போ எந்த கான்ஃபரன்ஸ்லயும் இல்லாத டீம், எந்த பௌலுக்கு வேணா போகலாம், அதுவும் மேட்ச் நடக்குறது அவங்க சொந்த கிரவுண்டுலயே, டிக்கெட் விக்கிறதுக்கும் கஷ்டம் இல்ல.

நெப்ராஸ்கா அந்த வருஷம் எப்டி இருந்துச்சுன்னா, எதிர் டீமப் பாத்து பாவமா இருக்கும். 12 மேட்ச், 12ம் ஜெயிப்பு, மொத்தம் 624 பாயிண்ட், மேட்ச்சுக்குச் சராசரி 52. முந்தின வருஷ சாம்பியன் பென் ஸ்டேட்ட மொத மேட்ச்லயே 44-6ன்னு சாத்துனாங்க. மின்னசோட்டாவ அவங்க ஊருக்கே போயி 84-13. குவார்ட்டர்பேக் (பந்த வாங்கி ஆட்டத்த நடத்துற ஆளு) டர்னர் கில், ரன்னிங் பேக் மைக் ரோஸியர் (அந்த வருஷம் ஹைஸ்மன் டிராஃபி, அதாவது நாட்டுலயே சிறந்த ஆட்டக்காரன் விருது, 2,148 யார்டு ஓடி 29 டச்டவுன்), விங்பேக் இர்விங் ஃப்ரையர் (என்எஃப்எல்ங்கற தொழில்முறை லீக் காலேஜ் பசங்கள எடுக்குற அடுத்த டிராஃப்ட்ல நம்பர் 1 ஆளு). இந்த மூணு பேருக்கும் வழி வெட்டிக் குடுத்த கார்டு டீன் ஸ்டைன்கூலர், லைன்மேனுக்குக் குடுக்குற அவுட்லண்ட், லொம்பார்டி ரெண்டு விருதையும் அள்ளிட்டான். இந்த டீமுக்கு மக்கள் வெச்ச பட்டப்பேரே ஸ்கோரிங் எக்ஸ்ப்ளோஷன்.

கோச் ஆஸ்போர்ன் பத்தியும் கொஞ்சம் சொல்லணும். அமைதியான ஆளு, பக்திமான், சத்தம் போட்டுப் பேசமாட்டாரு. 1973ல பாப் டெவேனிகிட்ட இருந்து கோச் பொறுப்ப வாங்கினாரு, டெவேனி 1970, 71 ரெண்டு வருஷமும் சாம்பியன் பட்டம் வாங்கி வெச்சுட்டுப் போன ஆளு. அதனால ஆஸ்போர்ன் வருஷா வருஷம் எத்தன மேட்ச் ஜெயிச்சாலும் "பட்டம் எங்க சாமி"ன்னு கேள்வி நின்னுட்டே இருந்துச்சு. 1981 சீசன்ல இதே ஆரஞ்சு பௌல்ல கிளெம்சன்கிட்ட 22-15ன்னு தோத்தாங்க, கிளெம்சன் சாம்பியன் ஆயிடுச்சு. 1982ல பென் ஸ்டேட்டுகிட்ட 27-24, அதுல கடைசி நேரத்துல கோட்டுக்கு வெளிய கால் வெச்சுப் பிடிச்ச பந்துக்கு அம்பயர் சரின்னு குடுத்துட்டாருன்னு நெப்ராஸ்காக்காரங்க இன்னைக்கும் பொலம்புவாங்க, அந்த வருஷம் வேற தோல்வியே இல்ல. 83ல எல்லாம் கூடி வந்துச்சு, இதுவும் போச்சுன்னா என்னத்தச் சொல்றது.

அந்தப் பக்கம் மயாமி. 1970கள் கடைசில இந்த யூனிவர்சிட்டி ஃபுட்பால் டீமையே கலைச்சிரலாமான்னு யோசிச்ச நிலைமைல இருந்துச்சு, காசும் இல்ல, கூட்டமும் இல்ல, ஜெயிப்பும் இல்ல. 1979ல ஹோவர்ட் ஷ்னெலன்பெர்கர் வந்தாரு. வாயில பைப், பெரிய மீசை, கணீர்னு குரல். என்எஃப்எல் டீம் மயாமி டால்ஃபின்ஸ் 1972ல ஒரு மேட்ச்கூட தோக்காம சீசன் முடிச்சதுல்ல, அதுல தாக்குதல் ஆட்டத்துக்குப் பொறுப்பு இவருதான். வந்த உடனே அஞ்சு வருஷத்துல தேசிய சாம்பியன்னு அறிவிச்சாரு, கேட்டவங்க சிரிச்சாங்க. ஆனா மனுசன் ஒரு வேல பண்ணாரு, தெற்கு ஃப்ளோரிடாவ ஒரு தனி நாடு மாதிரி வேலி போட்டுக்கிட்டாரு, இங்க இருக்குற ஹைஸ்கூல் பசங்கள வெளியூர் காலேஜ் கொத்திட்டுப் போக விடக்கூடாதுன்னு ஏழைப்பட்ட ஏரியாக்கள்ல எல்லாம் வீடு வீடாப் போயி பசங்களச் சேத்தாரு. மத்த காலேஜ் டீமெல்லாம் ஓடி ஓடி ஆடிட்டு இருந்தப்போ இவரு என்எஃப்எல் பாணில பந்தத் தூக்கி எறியிற ஆட்டத்தக் கொண்டு வந்தாரு. அதுக்கு ஆள் வேணுமே, ஒஹையோல இருந்து பெர்னி கோஸார்னு ஒரு பையன். ஒசரமா, ஒல்லியா, ஓட்டமே வராது, எறியிறது ஒரு தினுசா சைடுல இருந்து வரும், ஆனா பந்து போக வேண்டிய எடத்துக்குப் போயிரும். அந்த வருஷம்தான் மொத தடவையா களத்துல எறங்கினான், அவனோட போட்டி போட்டு உக்காந்தவன் யாருன்னா பின்னாடி ஹைஸ்மன் வாங்கின வின்னி டெஸ்டவெர்டி. சீசன் மொத மேட்ச்ல ஃப்ளோரிடாகிட்ட 28-3ன்னு அடி வாங்கினாங்க, அதுக்கப்புறம் பத்து மேட்ச் வரிசையா ஜெயிப்பு.

இருந்தாலும் பந்தயக்காரங்க கணக்குல நெப்ராஸ்கா 10 பாயிண்ட்டுக்கு மேல வித்தியாசத்துல ஜெயிக்கும்னுதான் இருந்துச்சு. யாருக்கும் சந்தேகம் இல்ல.

இப்போ அன்னைக்குப் பகல்ல நடந்தது ரொம்ப முக்கியம். ஜனவரி 1 ஞாயித்துக்கிழமைங்கறதால எல்லா பெரிய பௌலும் 2ஆம் தேதி திங்கக்கிழமைக்குத் தள்ளிப் போச்சு. டல்லஸ்ல நம்பர் 2 டெக்சஸ் 9-3ன்னு முன்னாடி இருந்துச்சு, கடைசி நேரத்துல ஜார்ஜியா தூரமா உதைச்சுவிட்ட பந்தப் (இதுக்குப் பேரு பன்ட்) பிடிக்கப் போன டெக்சஸ் ஆளு நழுவ விட்டான், ஜார்ஜியா அத அமுக்கி டச்டவுன் போட்டு 10-9ன்னு ஜெயிச்சிருச்சு. ரோஸ் பௌல்ல நம்பர் 4 இல்லினாய், யூசிஎல்ஏகிட்ட 45-9ன்னு செம அடி. ஆக ராத்திரி ஆரஞ்சு பௌல் ஆரம்பிக்கும்போது நம்பர் 2ம் இல்ல, நம்பர் 4ம் இல்ல. நம்பர் 3 ஆபர்ன் அதே ராத்திரி நியூ ஆர்லியன்ஸ்ல மிச்சிகனோட ஆடிட்டு இருந்துச்சு. பெரிய டீம்கள்ல தோல்வியே இல்லாம மிச்சம் நின்னது நெப்ராஸ்கா மட்டும்தான். மேட்ச்ச டை பண்ணா 12 ஜெயிப்பு, 1 டை, தோல்வி சைபர். ஓட்டு போடுறவன் அவங்கள எறக்கிவிட்டு யாரத் தூக்கி வெப்பான்? இது ஆஸ்போர்னுக்கும் தெரியும், ஸ்டேடியத்துல வேர்க்கடல விக்கிறவனுக்கும் தெரியும்.

மேட்ச் ஆரம்பிச்ச உடனே நெப்ராஸ்காவுக்கு எதுவும் புரியல. கோஸார் மொத குவார்ட்டர்லயே டைட் எண்ட் க்ளென் டெனிசனுக்கு ரெண்டு டச்டவுன் எறிஞ்சான், நடுவுல ஜெஃப் டேவிஸ் ஒரு ஃபீல்ட் கோல் (கம்பங்களுக்கு நடுவுல பந்த உதைச்சா 3 பாயிண்ட்), 17-0. 52 பாயிண்ட் சராசரி டீம் முட்ட வாங்கிட்டு நிக்குது.

அப்பதான் இந்த ஆட்டத்தோட ரொம்ப அழகான, கொஞ்சம் கிறுக்குத்தனமான விஷயம் வருது. ஃபம்பிள்ரூஸ்கின்னு ஒரு தந்திர ஆட்டம். வழக்கமா சென்டர் பந்தப் பின்னாடி குடுப்பான், குவார்ட்டர்பேக் வாங்கிக்கிட்டு ஓடுவான் இல்ல எறிவான். கார்டுங்கற தடியன் வேலை எதிராளிய முட்டித் தள்றது, பந்தத் தூக்கிக்கிட்டு ஓடுறது அவன் வேலை இல்ல. இங்க டர்னர் கில் பந்த வாங்கி வேணும்னே புல்லுல வெச்சுட்டு, பந்து தங்கிட்ட இருக்குற மாதிரியே பாவ்லா காட்டிக்கிட்டு வலது பக்கமா ஓடுறான், மொத்த டீமும் அவன்கூடவே ஓடுது, மயாமி டிஃபென்ஸும் பின்னாடியே தொரத்துது. ஸ்டைன்கூலர் ஒரு செகண்ட் அங்கயே நின்னு, கீழ கிடக்குற பந்த எடுத்துக்கிட்டு, நூத்திச் சொச்சம் கிலோ ஒடம்பத் தூக்கிட்டு எதிர்ப் பக்கம் ஓடுறான், 19 யார்டு, டச்டவுன். வீடியோ கெடச்சா பாருங்க, பந்து எங்கன்னு கேமராவுக்கே ஒரு நொடி குழப்பம் இருக்கும். இந்த ஆட்டத்த 1992 சீசனுக்கு அப்புறம் விதி போட்டுத் தடை பண்ணிட்டாங்க, எனக்கு அதுல இன்னும் வருத்தம்தான்.

அங்கருந்து நெப்ராஸ்கா திரும்பி வந்துச்சு. பாதி ஆட்டத்துல 17-14, மூணாவது குவார்ட்டர்ல 17-17. சரி இனிமே ஏறி மிதிச்சிருவாங்கன்னு நெனச்சா மயாமி அதே குவார்ட்டர்ல ரெண்டு டச்டவுன், அலோன்ஸோ ஹைஸ்மித் ஒண்ணு, ஆல்பர்ட் பென்ட்லி ஒண்ணு, 31-17. அதுக்கும் மேல 147 யார்டு ஓடியிருந்த ரோஸியருக்கு கணுக்கால் அடிபட்டு வெளிய உக்காந்துட்டான். அவனுக்குப் பதிலா ஜெஃப் ஸ்மித்னு ஒருத்தன் எறங்கினான்.

கடைசி குவார்ட்டர்ல சுமார் 7 நிமிஷம் இருக்கும்போது ஸ்மித் ஒரு டச்டவுன் போட்டான், 31-23. ஆஸ்போர்ன் கிக் அடிக்கச் சொன்னாரு, 31-24. யாரும் ஒண்ணும் கேக்கல, அதுதானே வழக்கம். இந்த எடத்த ஞாபகம் வெச்சுக்கோங்க.

2 நிமிஷத்துக்கும் கம்மியா இருக்கும்போது மயாமி ஒரு ஃபீல்ட் கோல் அடிக்கப் பாத்துச்சு, விழுந்திருந்தா 10 பாயிண்ட் வித்தியாசம், கதை அங்கயே முடிஞ்சிருக்கும், விழல. நெப்ராஸ்கா 74 யார்டு போகணும், 1 நிமிஷம் 47 செகண்ட். கில் கடகடன்னு கொண்டு போனான். 24 யார்டு தூரத்துல ஃப்ரையர் எண்ட் ஸோனுக்குள்ள ஆளே இல்லாம தனியா நிக்கிறான், பந்து நேரா கைக்கு வருது, நழுவ விட்டுட்டான். நாட்டுலயே சிறந்த கேட்சர்கள்ல ஒருத்தன்! கடைசில ஃபோர்த் டவுன், அதாவது நாலாவது கடைசி முயற்சி, 8 யார்டு வேணும். கபடில டூ ஆர் டை ரெய்டு மாதிரின்னு வெச்சுக்கோங்க, இதுல வரலன்னா பந்து எதிராளிக்கு, மேட்ச் ஓவர். கில் வலது பக்கமா ஓடுனான், மயாமிக்காரன் கிட்ட வந்ததும் பந்த வெளிப்பக்கமா ஸ்மித்துக்குத் தட்டிவிட்டான், ஸ்மித் மூலைக் கொடி ஓரமா 24 யார்டும் ஓடி உள்ள. 31-30. 48 செகண்ட்.

ஆஸ்போர்ன் யோசிச்ச மாதிரியே தெரியல. ரெண்டு விரல். பசங்களும் கிக் அடிக்கிற பக்கம் திரும்பவே இல்ல.

கில் மறுபடி வலது பக்கமா ஓடுனான், எண்ட் ஸோன் ஓரத்துல ஸ்மித்துக்கு எறிஞ்சான். மயாமியோட கென் கால்ஹூன் பாஞ்சு விரல் நுனியால பந்தத் தொட்டான். அவ்ளோதான், தொட்டதுதான். பந்து தெசை மாறி ஸ்மித் மேல பட்டுக் கீழ விழுந்துச்சு. அடுத்து பந்தத் தாங்களே திரும்பப் பிடிச்சுக்கலாம்னு நெப்ராஸ்கா சின்னதா உதைச்ச ஆன்சைட் கிக்கையும் மயாமி எடுத்துக்கிச்சு, நேரம் முடிஞ்சிச்சு, கூட்டம் கிரவுண்டுக்குள்ள கொட்டுச்சு.

சரி, இப்போ விஷயத்துக்கு வருவோம். அப்போ காலேஜ் ஃபுட்பால்ல ஓவர்டைம் கிடையாது. டைன்னா டைதான், கைகுடுத்துட்டு வீட்டுக்குப் போகணும். இந்த ஒரு விதிதான் ஆஸ்போர்ன் கழுத்துல கத்தி வெச்சது. இன்னைக்கு இருக்குற கோச் யாராவது அந்த நெலமைல இருந்தா கிக் அடிச்சு ஓவர்டைம் போகலாம்னு ஒரு வழி இருக்கு, அதுல மானமும் போகாது பட்டமும் போகாது. அவருக்கு அந்த நடுவழி இல்ல.

டைக்கு ஆடுனா என்ன பேச்சு வாங்கணும்ங்கறதுக்கு ஒரு முன்னுதாரணமும் இருந்துச்சு. 1966 நவம்பர்ல நம்பர் 1 நோட்ர டாமும் நம்பர் 2 மிச்சிகன் ஸ்டேட்டும் மோதுனாங்க, 10-10, ஒரு நிமிஷத்துக்கு மேல நேரம் இருக்கும்போது நோட்ர டாம் கோச் ஆரா பார்சீகியன் பந்தத் தூக்கி எறிஞ்சு ரிஸ்க் எடுக்காம சும்மா ஓடி ஓடி நேரத்தக் கழிச்சாரு. டை. அடுத்த வாரம் யூஎஸ்சிய 51-0ன்னு அடிச்சு சாம்பியன் பட்டத்தையும் வாங்கிட்டாரு. கணக்குப்படி அவரு பண்ணது சரி. ஆனா அந்த மனுசன் அதுக்கப்புறம் எத்தன ஜெயிச்சாலும், இன்னொரு பட்டமே வாங்குனாலும், டைக்கு ஆடுனவருன்னு ஒரு பேச்சு கூடவே வந்துட்டு இருந்துச்சு. ஆஸ்போர்னோட காரணமும் ரொம்ப நேரானது, பசங்க ஜெயிக்கத்தான் வந்தாங்க, டைல பட்டம் வாங்குனா அவங்களுக்கே திருப்தி இருக்காதுங்கறதுதான் அவர் சொன்னதோட சாரம்.

இப்போ நான் ஞாபகம் வெச்சுக்கச் சொன்ன எடம். 31-23, 7 நிமிஷம். இன்னும் ஒரு டச்டவுன் போட்டாதான் கதையே, அது ரெண்டு வழிக்கும் பொதுவானது. ஆஸ்போர்ன் மனசுல கடைசில ரெண்டுக்குத்தான் போவோம்னு இருந்துச்சுன்னா, அந்த ரெண்டு பாயிண்ட் முயற்சிய மொத டச்டவுனுக்கு அப்புறமே பண்ணிருக்கணும். ஏன்னு பாருங்க. அது கெடச்சா 31-25, அடுத்த டச்டவுனுக்கு அப்புறம் 31-31, அப்போ சும்மா ஒரு கிக், 32-31 ஜெயிப்பு. அது கெடைக்கலன்னா 31-23, அடுத்த டச்டவுனுக்கு அப்புறம் 31-29, அப்போ மறுபடி ரெண்டுக்குப் போயி கெடச்சா டை. அதாவது மொத முயற்சி சொதப்புனாலும் இன்னொரு சான்ஸ் கையில இருக்கு. அவரு பண்ண மாதிரி கடைசி வரைக்கும் வெச்சிருந்தா ஒரே சான்ஸ்தான்.

இந்த ரெண்டு பாயிண்ட் முயற்சி பத்துல நாலு தடவ பலிக்கும்னு வெச்சுக்குவோம், கிக் எப்பவும் விழும்னு வெச்சுக்குவோம். அவரு வழில 100க்கு 40 ஜெயிப்பு, 60 தோல்வி. இந்த வழில 40 ஜெயிப்பு, 24 டை, 36 தோல்வி. ஜெயிப்போட எண்ணிக்க மாறவே இல்ல, தோல்விதான் 24 கொறஞ்சு டையா மாறுது, அந்த டைக்கு அன்னைக்கு நெலமைல பட்டம். நெப்ராஸ்கா மாதிரி டீமுக்கு பத்துல அஞ்சு பலிக்கும்னா இன்னும் நல்லது, 50 ஜெயிப்பு, 25 டை, 25 தோல்வி. இதுல இன்னொரு வசதியும் இருக்கு, ரெண்டு தடவ ரெண்டுக்குப் போயி ஒண்ணு தவறி டை ஆனவன எவன் கோழைன்னு சொல்லுவான்? மானமும் மிச்சம்.

இந்தக் கணக்கு இப்போ சர்வ சாதாரணம், 14 பாயிண்ட் பின்னாடி இருந்து மொத டச்டவுன் போட்ட உடனே ரெண்டுக்குப் போற கோச்ச இப்போ காலேஜ்லயும் என்எஃப்எல்லயும் பாக்கலாம், டிவில கமெண்டேட்டர் இன்னும் புரியாம கத்துவாரு, அது வேற விஷயம். 1984ல இப்டி யோசிக்கிற பழக்கமே யாருக்கும் இல்ல, இத்தனைக்கும் ரெண்டு பாயிண்ட் விதி காலேஜ் ஃபுட்பால்ல 1958லயே வந்தாச்சு. கெடைக்கிற பாயிண்ட்ட மொதல்ல வாங்கிப் பையில போடு, அப்புறம் பாத்துக்கலாம்ங்கறதுதான் எல்லாரோட புத்தியும். அதனால ஆஸ்போர்ன மட்டும் குறை சொல்ல முடியாது. ஆனா அவரப் பாராட்டுறவங்களும் சரி, திட்டுறவங்களும் சரி, 48 செகண்டையே பாத்துட்டு இருக்காங்கங்கறதுதான் எனக்கு ஆச்சரியம். அந்த நேரத்துல அவருக்கு இருந்த ரெண்டு வழியும் மோசமானது, அந்த முட்டுச்சந்துக்குள்ள போனதே 7 நிமிஷத்துல அடிச்ச அந்தக் கிக்காலதான்.

ஓட்டெடுப்பு அடுத்த நாள். மயாமி நம்பர் 5ல இருந்து ஒரே தாவுல நம்பர் 1, ரெண்டு பட்டியல்லயும். தோத்த நெப்ராஸ்கா நம்பர் 2. நம்பர் 3 ஆபர்ன் அதே எடத்துலயே நின்னுச்சு, இதுதான் உண்மைலயே அநியாயம். மிச்சிகன 9-7ன்னு ஜெயிச்சு 11-1ன்னு முடிச்சாங்க, மயாமியும் 11-1தான். மயாமிய 28-3ன்னு அடிச்ச ஃப்ளோரிடாவ ஆபர்ன் ஜெயிச்சிருந்துச்சு, டெக்சஸத் தோக்கடிச்ச ஜார்ஜியாவையும் ஜெயிச்சிருந்துச்சு, தோத்தது டெக்சஸ்கிட்ட மட்டும். நியூயார்க் டைம்ஸ் கம்ப்யூட்டர் ரேங்கிங்ல ஆபர்ன்தான் நம்பர் 1. ஆனா மூணு ஃபீல்ட் கோல் அடிச்சு 9-7ன்னு ஜெயிச்ச மேட்ச்ச யார் பாத்தாங்க, நாடே மயாமி மேட்ச்ச வாயப் பொளந்து பாத்துட்டு இருந்துச்சு. ஓட்டுன்னா அப்டித்தான், கண்ணு எங்க இருந்துச்சோ அங்க விழும். அடுத்த வருஷம் இன்னும் கூத்து, பிரிகம் யங் யூனிவர்சிட்டி ஒரு மேட்ச்கூட தோக்காம 13-0ன்னு முடிச்சு, கடைசில ஹாலிடே பௌல்ல சுமாரான மிச்சிகன ஜெயிச்சு சாம்பியன் ஆயிடுச்சு. நம்பர் 1ஐயும் நம்பர் 2வையும் மோத விடுறதுக்கு ஒழுங்கான ஏற்பாடு பண்றதுக்கு 1998ல பிசிஎஸ்ங்கற ஏற்பாடு வர வேண்டியிருந்துச்சு, நாலு டீம் ப்ளேஆஃப் 2014 சீசன்ல, 12 டீம் 2024ல.

ஷ்னெலன்பெர்கர் சொன்ன மாதிரியே அஞ்சாவது வருஷம் பட்டம் வாங்கிட்டு, அதே வருஷம் வேற ஒரு புது லீக்ல டீம் தர்றோம்னு சொன்னத நம்பி மயாமிய விட்டுப் போனாரு, அந்த டீம் மயாமிக்கு வரவே இல்ல. அவரு வேலி போட்டு வளத்த தோட்டத்துல மத்த கோச்சுங்க பழம் பறிச்சாங்க, 1987, 89, 91, அப்புறம் 2001.

ஆஸ்போர்ன் பதினொரு வருஷம் காத்திருந்தாரு. 1995 ஜனவரி 1, அதே ஆரஞ்சு பௌல், அதே ஸ்டேடியம், எதிர்ல அதே மயாமி. கடைசி குவார்ட்டர்ல பின்னாடி இருந்து வந்து 24-17ன்னு ஜெயிச்சு மொத பட்டம். அந்த வருஷம் பென் ஸ்டேட்டும் ஒரு மேட்ச்கூட தோக்கல, ரெண்டும் மோதிக்க வழியில்ல, ரோஸ் பௌல் ஒப்பந்தம் இன்னும் அப்டியே இருந்துச்சு, ஓட்டு நெப்ராஸ்கா பக்கம் விழுந்துச்சு. அடுத்த வருஷமும் பட்டம். அந்த 95 சீசன் பௌல்கள்ல ஓவர்டைம் வந்துச்சு, 96ல எல்லா மேட்ச்சுக்கும் வந்துச்சு.

அப்புறம் 1997 நவம்பர் 8, மிசூரி ஊர்ல மேட்ச். நெப்ராஸ்கா நம்பர் 1, தோல்வி இல்ல, ஆனா 38-31ன்னு பின்னாடி, நேரம் முடியப் போகுது. கடைசி பந்து, எண்ட் ஸோன்ல ஷெவின் விக்கின்ஸ் பிடிக்க முடியாம கீழ விழப் போன பந்து அவன் கால்ல பட்டு எகிறுச்சு, மேட் டேவிசன்னு ஒரு மொத வருஷப் பையன் பாஞ்சு புல்லுல படுறதுக்கு முன்னாடி அள்ளிட்டான். 38-37, கடிகாரத்துல சைபர். ஒரு பாயிண்ட் பின்னாடி, பட்டம் பணயம், வெளியூர் கிரவுண்டு. இந்தத் தடவ ஆஸ்போர்ன் ரெண்டு விரல் காட்டல. கிக் அடிக்கச் சொன்னாரு, 38-38, ஓவர்டைம்ல 45-38ன்னு ஜெயிச்சாங்க. அந்த சீசன் கடைசில மிச்சிகனும் தோக்கல, நெப்ராஸ்காவும் தோக்கல, நிருபருங்க மிச்சிகனுக்குப் போட்டாங்க, கோச்சுங்க நெப்ராஸ்காவுக்குப் போட்டாங்க, பட்டம் பாதிப் பாதி. ஆஸ்போர்னோட கடைசி மேட்ச் அதுக்கான ஆரஞ்சு பௌல்தான், டென்னஸிய 42-17, தேதி 1998 ஜனவரி 2.